ரொறன்ரோவில் படிகள் உள்ளே இருக்கின்றன

சாப்பிட்டு முடிக்கட்டும், அதன் பிறகு சொல்லலாம். போன ஞாயிறும் இப்படித்தான் நினைத்தேன், அதற்கு முதல் ஞாயிறும். அவன் சாப்பிட்டு முடித்தான், நான் பெட்டிகளைக் கழுவினேன், அவனுடைய நகங்களை வெட்டிவிட்டேன், வெயில் நல்லாயிருக்கு என்றேன், சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். இனியும் தள்ள முடியாது. யூலை முதலாம் தேதி வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரொறன்ரோவுக்குப் போகவேண்டும். இந்த மொன்றியல் நகரத்தில் பாதிப் பேர் அந்த ஒரே நாளில்தான் வீடு மாறுவார்கள், தெருவெல்லாம் மெத்தையும் கட்டிலும் குளிர்சாதனப் பெட்டியுமாகக் கிடக்கும், ஊரே எங்கேயோ ஓடித் தப்பப்போகிற மாதிரி. ரொறன்ரோவில் அப்படியெல்லாம் இல்லையம்மா, நினைத்த மாதம் மாறலாம் என்று மகள் ஆரணி சொன்னாள். அவள் அங்கே கலியாணம் முடித்துப் போனவள். அவள் வாய் திறந்தால் இந்த இரண்டு ஊரில் ஒன்றை ஏற்றி மற்றதை இறக்குவதுதான் கதை. நானும் அப்படி ஆகிவிட்டேன். தம்பி இடியப்பத்தை இடது கையால் பிய்த்துச் சொதியில் தோய்த்து மெல்ல மெல்ல வாய்க்குக் கொண்டுபோகிறான். நான் அவனுக்கு முன்னால் இருந்துகொண்டு, இந்தப் பராமரிப்பு இல்லத்துச் சாப்பாட்டு அறை நல்ல வெளிச்சம், பெரிய யன்னல், அங்கே இருக்கிற இல்லங்களில் இப்படி இருக்குமோ என்று யோசிக்கிறேன். அவன்தான் அங்கே வரப்போவதில்லையே. யோசனை அதில் போய் முட்டி நிற்கிறது. பிறகு ஒன்றும் நடக்காத மாதிரித் திரும்ப முதலில் இருந்து தொடங்குகிறது.

குகதாசன் எங்கள் வீட்டில் கடைக்குட்டி, எனக்கும் அவனுக்கும் நடுவில் இருந்த இரண்டு பேரும் இப்போது இல்லை. இங்கே வேலை செய்கிறவர்கள் அவனைப் பிரெஞ்சில் மிஸ்யூ கூகா, கூகா ஐயா, என்கிறார்கள். முதலில் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது, ஏதோ காகத்தைக் கூப்பிடுகிற மாதிரி. அவன் சிரித்தான். அவனுடைய சிரிப்பும் இப்போது பாதிதான், வாயின் இடது பக்கம் மட்டும் ஏறும். கனடாவில் வந்து இறங்கியபோது அவன் ரொறன்ரோவில்தான் இருந்தான், சிநேகிதப் பெடியங்களோடு ஒரு நிலக்கீழ் அறையில். நான்தான் கூப்பிட்டேன். இங்கே வா, வாடகை மலிவு, கார் தேவையில்லை, மெற்றோ இருக்கு, நான் சமைச்சுத் தாறன் என்று தொலைபேசியில் அடுக்கினேன். அப்போதும் இரண்டு ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது நான்தான், அப்போது மொன்றியல் வென்றது. வந்தான், எங்களோடு இருந்தான், ஒரு கிரேக்கக்காரரின் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான். எங்கள் வீடு இரண்டாம் மாடி. இந்த ஊரில் மாடிப் படிகள் வீட்டுக்கு வெளியே தொங்கும், இரும்புப் படிகள், வளைந்து வளைந்து தெருவுக்கு இறங்கும். வெளியூர்க்காரர் வந்து நின்று படம் எடுப்பார்கள். அந்தக் காலைமை, விழுந்த உடனே பனிக்கட்டியாகிற உறைமழை பெய்திருந்தது. இவர், என் மனிசன், விடியவே எழும்பிப் படியெல்லாம் உப்புத் தூவினவர், அதன் பிறகும் மழை பெய்திருக்கிறது. நான் அடுப்படியில் நின்றேன். அவன் படியில் விழுந்த சத்தம் பெரிதாகக்கூட இல்லை, யாரோ அரிசிப் பையை இறக்கி வைத்த மாதிரி. எவரிலும் பிழையில்லை என்று எல்லாரும் சொன்னார்கள், எவரிலும் பிழையில்லைத்தான். ஆரணி ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கத்தில் வாங்கியிருக்கிற வீட்டை முதல் முதல் பார்த்தபோது நான் கண்ட முதல் சாமான் படிதான். படி வீட்டுக்குள்ளே இருந்தது. கம்பளம் போட்டு, வெதுவெதுப்பாக, விழுந்தாலும் நோகாத மாதிரி. இந்த ஊரில் படிகள் உள்ளே இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டு கைபிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். மருமகன் பின்னால் நின்று, என்ன மாமி, முழங்கால் நோகுதோ என்று கேட்டார்.

மீன் குழம்பை அவன் பக்கம் தள்ளி வைக்கிறேன். முள் எடுத்துத்தான் கொண்டுவந்தேன், என்றாலும் விரலால் ஒருக்கால் தடவிப் பார்க்கிறேன். அடுத்த மேசையில் ஒரு வயதான வெள்ளைக்காரி அவித்த உருளைக்கிழங்கை முள்ளுக்கரண்டியால் நசித்தபடி எங்கள் பெட்டிகளைப் பார்க்கிறாள். நான் போன பிறகு இவனுக்கும் ஒவ்வொரு ஞாயிறும் அந்த உருளைக்கிழங்குதான். இதைத்தான் நினைக்கக்கூடாது. வேறு எதையாவது நினை. போன மாசிமாதம் ஆரணியிடம் போயிருந்தபோது அவள் என்னை ஒரு தமிழ்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வல்லாரை கட்டுக்கட்டாக, முருங்கை இலை, ஒடியல் மா, நெத்தலிக் கருவாடு, எல்லாம் சும்மா கிடந்தன, அவற்றில் ஒரு விசேசமும் இல்லை என்கிற மாதிரி. காசு வாங்குகிற பிள்ளை தலை நிமிராமல், அம்மா பை வேணுமோ என்று கேட்டாள். அவ்வளவுதான். பையை வாங்கிக்கொண்டும் நான் அங்கேயே நின்றேன். மொன்றியலில் இத்தனை காலம் இருந்தும் கடையில் ஒரு பை கேட்பதற்கு நான் கையைத்தான் காட்டுவேன். தையல் தொழிற்சாலையில் எனக்கு இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் வங்காளி, மேலாளர் இத்தாலிக்காரர், பிரெஞ்சு எங்கே படிப்பது. வணக்கத்துக்கு போன்ஜூர், நன்றிக்கு மெர்சி, சுகமோ என்பதற்கு ஸாவா. அந்த மூன்று சொல்லோடு வாழ்ந்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க ஸ்காபரோவில் எனக்குக் காது நிறைந்திருந்தது. பல் வைத்தியர் தமிழ், வங்கியில் தமிழ், பஸ்ஸில் பின்னுக்கு இருந்த இரண்டு பெண்கள் ஒரு மாமியாரைப் பிய்த்துத் தின்றதும் தமிழில். நிலக்கீழ் அறையைக் காட்டி, இதுதான் உங்களுக்கும் அப்பாவுக்கும் என்றாள் ஆரணி. புல் மட்டத்தில் ஒரு யன்னல். என் தையல் மெசினை அதன் கீழே வைக்கலாம் என்று கையால் முழம் போட்டுப் பார்த்தேன். தம்பியின் கட்டிலுக்கு நான் முழம் போடவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது மருமகன், குகன் மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டபோதுதான் அன்றைக்கு முழுக்க எனக்கு அவன் ஞாபகத்திலேயே வரவில்லை என்பது தெரிந்தது. நல்லா இருக்கிறான் என்றேன். சந்தோசமாக இருந்திருக்கிறேன். அதுதான் என்னைப் போட்டுத் தின்கிறது. கட்டாயத்தில் போகிறவளாக இருந்தால் மன்னிப்புக் கிடைக்கும். எனக்கு அந்த ஊர் பிடித்திருக்கிறது.

ஆட்கள் கேட்டால் நான் சொல்வது வேறு. இவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, வெளிப்படி ஏற முடியாது. மகளுக்கு வீட்டு உதவிக்கு ஆள் வேணும். இங்கே குளிர் கூட. தமிழில் நோயைச் சொல்ல ஒரு வைத்தியர் வேணும். எல்லாம் உண்மை, ஒன்றுகூடப் பொய்யில்லை. எதிர்ப்பக்கத்துக்கும் நானே வழக்குப் பேசுவேன். அங்கே வாடகை கழுத்தை நெரிக்கும், மகளுக்கு நாங்கள் ஒரு அறையைப் பிடித்துக்கொண்டு இருப்போம். கார் இல்லாமல் ஒரு இடமும் போக முடியாது, நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகக் கார்கள் எறும்பு மாதிரி ஊரும். சனி ஞாயிறு என்றால் கலியாணம், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று மண்டபம் மண்டபமாகப் போகவேண்டும், போகாவிட்டால் கதைப்பார்கள், போனாலும் சீலையைப் பற்றிக் கதைப்பார்கள். இங்கே மெற்றோவில் நின்றுகொண்டு இவரை வாயாரத் திட்டலாம், சுற்றி நிற்கிற ஒருவருக்கும் விளங்காது. அங்கே குரலைத் தாழ்த்தித்தான் திட்டவேண்டும் என்று ஒருநாள் சொன்னேன், இவர் வயிறு குலுங்கச் சிரித்தார். இங்கே நகரத்துக்கு நடுவில் இருக்கிற மலையில் ஞாயிறு பின்னேரங்களில் ஆட்கள் கூடி மேளம் அடிப்பார்கள், யார் யாரோ, எந்தெந்த நாட்டுக்காரரோ, அது அங்கே இருக்குமோ தெரியாது. இப்படிக் கோடை, மாரி, வாடகை, வைத்தியர், மீன், மேளம் என்று எல்லாவற்றையும் எடுத்து அடுக்கி அடுக்கி, அடியில் கிடக்கிற ஒன்றை நான் மூடுகிறேன். இந்த ஊரில் தம்பி இருக்கிறான், அந்த ஊரில் அவன் இல்லை. இதற்கு முன்னால் வல்லாரை என்ன, படி என்ன.

கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்காமல் இல்லை. இந்த இல்லத்துச் சமூக சேவைப் பெண் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தந்தாள். எங்கேயோ இருந்து ஒரு இந்தியத் தமிழ்க் குரல், நல்ல மரியாதையான பிள்ளை. இது வேற மாகாணம்மா, அங்க முதல்லேர்ந்து பதியணும், இடம் கிடைக்க வருஷக்கணக்கா ஆகலாம்னு சொல்றாங்க, தமிழ் பேசற இடம்னு கேட்டா இன்னும் லேட்டாகும்னு சொல்றாங்க என்றது. அதுவரை உங்க பொண்ணு வீட்டுல வச்சுப் பாத்துக்க முடியுமான்னு கேக்கறாங்க. ஆரணியின் நிலக்கீழ் அறைக்கும் படிகள் இறங்கவேண்டும், உள்ளே இருந்தாலும் படி படிதான், அவனைக் குளிப்பாட்ட இரண்டு பேர் வேணும், எனக்கும் இடுப்பு விட்டுப்போயிற்று. இவை எல்லாவற்றையும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்கலாம். ஏலாது என்று மட்டும் சொன்னேன். அந்தப் பிள்ளை அதை ஆங்கிலத்தில் சொன்னது எனக்கு விளங்கியது. ஒரு சொல்தான், நோ. பல நாளாக அந்தச் சொல் காதுக்குள் நின்றது. இனி அவனுக்குத் தமிழ் எங்கே கேட்கும்? ஆரணி தொலைபேசியில் பேசுவாள், அவளுடைய தமிழும் பாதி ஆங்கிலம். விழுந்து தலையில் அடிபட்ட பிறகு அவன் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துத்தான் கதைக்கிறான், இருட்டு அறையில் செருப்புத் தேடுகிற மாதிரி. அந்தத் தேடலுக்கும் ஆள் இல்லாவிட்டால் ஒருநாள் தேடுவதை விட்டுவிடுவான். கடைசி நேரத்தில் பக்கத்தில் நிற்கிறவர்கள் மிஸ்யூ கூகா, மிஸ்யூ கூகா என்பார்கள். நான் அப்போது ஏதாவது ஒரு மண்டபத்தில் சோறு தின்றுகொண்டிருப்பேன்.

சாப்பிட்டுவிட்டான். இல்லை, இன்னும் ஒரு இடியப்பம் கிடக்கிறது, அதைத் தொடாமல் என்னைப் பார்க்கிறான். கொஞ்ச நாளைக்குத்தான் என்று தொடங்கலாமா? அது பொய். மாதம் ஒருக்கா வருவன் என்று சொல்லலாம், அது பாதிப் பொய், மாரியில் இவர் அவ்வளவு தூரம் கார் ஓட்டமாட்டார். முகத்தைத் துடைத்துவிடக் கடதாசித் துண்டை எடுக்கிறேன், அவன் தலையைப் பின்னால் எடுத்து அதைத் தானே வாங்கித் துடைக்கிறான். குகன், ஒரு விசயம் என்கிறேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, வைத்தியசாலையில் கதைக்கிற குரல். அவன் வாயின் இடது பக்கம் மெல்ல ஏறுகிறது.

"வீடோ?" என்கிறான்.

உனக்கு ஆர் சொன்னது என்று கேட்டேன். ஆரணி ஃபோனில் வீட்டைச் சுற்றிக் காட்டினவளாம், கீழ் அறையையும் காட்டினவளாம், தையல் மெசின் வைக்கிற இடத்தையும். எப்ப என்று கேட்டேன். பனி கிடக்கேக்க என்றான். பனி கரைந்து, மரமெல்லாம் இலை வைத்து, இப்போது கோடையும் வந்துவிட்டது. அத்தனை ஞாயிறும் நான் இதே கதிரையில் இருந்து வெயிலைப் பற்றியும் மீனைப் பற்றியும் கதைத்திருக்கிறேன், அவன் தெரிந்துகொண்டே இருந்து சாப்பிட்டிருக்கிறான். நான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெட்டி மூடியைத் தேடினேன். நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான் என்று அவன் சொல்லி முடிக்க நிறைய நேரம் எடுத்தது. கோபமாகச் சொல்லவில்லை. மன்னிச்சுக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் இடது கையைத் தூக்கி என்னை நிறுத்தினான், வேறு ஏதோ சொல்லப்போகிறான், சொல்லைத் தேடுகிறான், நான் குறுக்கே பேசினால் அது ஓடிவிடும். நான் பயந்துபோய் இருந்தேன். போகவேண்டாம் என்று சொல்லப்போகிறான். சொன்னால் நான் போகமாட்டேன். ஆரணிக்கு என்ன சொல்வது, கொடுத்த வீட்டைத் திரும்பக் கேட்க முடியுமா, இவருடைய முழங்காலுக்கு என்ன வழி என்று அந்த இடைவெளிக்குள் எல்லாவற்றையும் யோசித்தேன். எனக்குள்ளே ஒரு மூலையில், அவன் அதைச் சொல்லவேண்டும் என்றும் இருந்தது.

"அக்கா, ஞாயிற்றுக்கிழமையில இவை ஆத்துக்குப் போறவை. வானில. மீன் பிடிக்க."

எனக்கு விளங்கவில்லை. யார் என்று கேட்டேன். இல்லத்து ஆட்களைக் காட்டினான், அதோ அந்தத் தாடிக்காரர், சக்கரக் கதிரைப் பெடியன், ஹெய்ட்டி நாட்டுக்காரி மார்லேன், அவள்தான் இவனைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுகிறவள். வெயில் காலத்தில் ஒவ்வொரு ஞாயிறும் இல்லத்து வான் வண்டியில் மத்தியானம் போய்ப் பின்னேரம் வருவார்களாம். நல்ல காற்றாம். நீ போறேல்லையோ என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது, என்றாலும் கேட்டுவிட்டேன்.

"ஞாயிறு நீங்கள் வருவியள்."

எத்தனை கோடை. நான் காலைமை எழும்பி இடியப்பம் பிழிந்து, இரண்டு மெற்றோ ஒரு பஸ் மாறி, இடுப்பு நோக நோக இந்தப் பெட்டிகளைக் கொண்டுவந்து அவனுக்கு முன்னால் வைத்திருக்கிறேன், என்னை விட்டால் அவனுக்கு ஆர் என்று. அவன் யன்னலால் அந்த வான் போவதைப் பார்த்துக்கொண்டு, இவளை விட்டால் எனக்கு ஆர் என்று நினைக்கவில்லை, நான் போனால் இவளுக்கு ஆர் என்று நினைத்திருக்கிறான். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு வேறொன்றும் வந்தது, அதை என்னவென்று சொல்வது, கையில் இருந்ததைப் பறித்த மாதிரி. அவன் வாசல் பக்கம் பார்த்தான். அங்கே மார்லேன் தாடிக்காரருக்குச் சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சின்ன வயதில் எங்கள் வீட்டு வாசல் படலையில் நின்று, விளையாடப் போகட்டோ என்று கேட்ட அதே முகத்தோடு என்னைக் கேட்டான்.

"இண்டைக்குப் போகட்டோ?"

போ என்றேன். ஓம் ஓம், போ, போயிட்டு வா என்று இரண்டு மூன்று தரம் சொன்னேன், ஒருதரம் சொன்னால் அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்ற மாதிரி. மிச்ச இடியப்பத்தை மூடினேன், சொதியை மூடினேன், மூடிகள் மாறிப்போய்த் திரும்ப மாற்றினேன். மார்லேன் வந்தாள். இவன் அவளிடம் ஏதோ சொன்னான், பிரெஞ்சில், தேடாமல், தடக்காமல் ஒரு முழு வசனம். அவள் கெக்கட்டமிட்டுச் சிரித்துக்கொண்டு உள்ளே போய் ஒரு நீலத் தொப்பி எடுத்துவந்தாள். அந்தத் தொப்பி அவனிடம் இருப்பது எனக்குத் தெரியாது. என்ன சொன்னான் என்று அவளிடம் கேட்க ஆசையாக இருந்தது, என்னிடம் இருக்கிற மூன்று சொல்லை வைத்து அதைக் கேட்க முடியாது. மெர்சி என்றேன். அவனுடைய அசையாத வலது கையை நான் மேற்சட்டைக்குள் விடப்போனேன், அவளோ அதைவிடச் சுலபமாக ஒரு வழி வைத்திருந்தாள். வாசலுக்குப் போனோம். வானுக்கு ஒரு சின்ன மின்தூக்கி இருந்தது, அவனை ஏற்றியது, யன்னல் பக்கம் இருத்தினார்கள். அக்கா, கவனம் என்று உள்ளே இருந்து சொன்னான். அந்தச் சக்கரக் கதிரைப் பெடியன் பின்னால் இருந்து இவனுடைய தொப்பியைத் தட்ட, இவன் திரும்பிவிட்டான். வான் போகும்போது நான் கை காட்டினேன். அவன் பார்த்தானோ தெரியாது.

பஸ் தரிப்பிடத்தில் நிழல் இல்லை. பையில் குழம்பு கசிந்து மணக்கிறது. ஞாயிறுகளில் இந்த நேரம் நான் வெளியே நின்றதே இல்லை, தெரு வேறு தெரு மாதிரி இருக்கிறது. ஒரு பெண் நாயோடு போகிறாள், என்னைப் பார்த்து போன்ஜூர் என்கிறாள். இந்த ஊர் எவ்வளவு அமைதியான ஊர், இதை விட்டுவிட்டா போகப்போகிறேன் என்று ஒரு நினைப்பு வருகிறது. இனி எந்த ஊரையும் எதோடும் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை, வழக்கு முடிந்துவிட்டது, நான் போகலாம். போகலாம் என்பது இவ்வளவு கசக்கும் என்று நினைக்கவில்லை. ஃபோன் அடிக்கிறது, இவர்தான். காலைமை நான் வெளிக்கிடும்போது, இண்டைக்கெண்டாலும் சொல்லிப்போடும் என்று படியில் நின்று சொன்னவர், நான் எடுக்கும்வரை அந்த முழங்காலோடு வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்திருப்பார்.

"சொன்னனீரோ?"

ஓம் என்றேன்.

"என்னவாம்?"

அவனுக்கு முதலே தெரியுமாம், ஆற்றுக்குப் போய்விட்டான், தொப்பி போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு போனான். இவ்வளவும் நாக்கில் நின்றது. சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார், அவருடைய பாரம் அந்த இடத்திலேயே இறங்கியிருக்கும்.

"அழுதவன்" என்றேன். "கனநேரம் அழுதவன்."

மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. குகனைப் படியடியில் இருந்து தூக்கினவர் அவர், அன்றைக்குக்கூட அவர் அழுது நான் காணவில்லை. அழாதையுங்கோ, நான் சும்மா சொன்னனான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பஸ் வளைவில் திரும்பி வருவது தெரிந்தது. நாங்கள் செய்யிறது பிழையோ சுகிர்தா என்று அவர் கேட்டார். பிழைதான் என்றேன். அதைச் சொன்னதும், தம்பிக்கு நான் இன்னும் வேணும் என்கிற மாதிரி, எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.